விமானிக்கு 65 வயசு எல்லை: உடம்புக்காகவா, சீனியாரிட்டிக்காகவா?

ஹட்டன் குளிர்:
எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா மனசுல கிடக்கிற கேள்வி, தெரிஞ்சவங்க சொல்லுங்க. பயணிகள் விமானம் ஓட்டுறவங்க 65 வயசானதும் சர்வதேசப் பறப்புல இருந்து இறங்கிடணும்னு ஐ.நா.வோட சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பான ஐகாவோ விதி இருக்கு. 2025 செப்டம்பர் கடைசியில மொன்றியல்ல கூடின அவங்க பொதுச்சபைக்கு, அதை 67 ஆக்கலாம்னு விமான நிறுவனங்களோட சங்கமான ஐயாட்டா ஒரு யோசனை கொண்டு போச்சு. சபை ஏத்துக்கல. ஒரு பக்கம் விமானிகள் பத்தலைன்னு அழுறாங்க, இன்னொரு பக்கம் நல்லா ஓட்டுற ஆளைப் பிறந்தநாளோட வீட்டுக்கு அனுப்புறாங்க. முந்தின நாள் ராத்திரி வரைக்கும் கெட்டிக்காரனா இருந்த மனுசன் விடிஞ்சதும் ஆபத்தான ஆளாயிடுவாரா?

மஸ்கெலியா மாஸ்டர்:
தம்பி, எங்கேயாவது ஒரு கோடு போட்டுத்தானே ஆகணும்? வாக்குரிமைக்கு 18ன்னு போட்டிருக்கு. 18க்கு ஒரு நாள் குறைஞ்ச பிள்ளைக்கு அறிவில்லைன்னா அர்த்தம்? கோடுன்னா அப்படித்தான். கோட்டுக்கு அந்தப் பக்கம் நிக்கிறவருக்கு அநியாயமாத்தான் தெரியும்.

கொட்டகலை ஏரோ:
கோடு வேணும், அதுல எனக்குச் சண்டை இல்ல மாஸ்டர். ஆனா இந்தக் கோட்டை யார் போட்டது, எதுக்குப் போட்டதுன்னு பார்த்தா சிரிப்புத்தான் வரும். நான் வளைகுடாவுல விமானப் பராமரிப்புல இருக்கேன். கெப்டன்மார் டீ குடிக்க ஹேங்கர் பக்கம் வந்தா பேச்சு கடைசியில இங்கதான் வந்து நிக்கும்.

கதை 1959ல ஆரம்பிக்குது. அமெரிக்காவுல ஜெட் புதுசா இறங்கின நேரம். வயசான கெப்டன்களை ஜெட்டுக்குப் பழக்கி எடுக்கிறது கம்பனிக்குச் செலவு, அது போதாதுன்னு தொழிற்சங்கத்தோட இழுபறி வேற. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தலைவர் சி.ஆர். ஸ்மித், அமெரிக்க விமானப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்துற எப்.ஏ.ஏ. தலைவரா இருந்த எல்வுட் கெசாடாவுக்குக் கடிதம் எழுதி, 60 தாண்டினவங்களை நிறுத்தச் சொல்லிக் கேட்டார். அந்த வருசமே விதி எழுதியாச்சு, 1960 மார்ச்சில அமுலுக்கும் வந்தாச்சு. 1961ல கெசாடா பதவியை விட்டுட்டு எங்க போய் உக்கார்ந்தார் தெரியுமா? அதே அமெரிக்கன் ஏர்லைன்ஸ் இயக்குநர் சபையில.

அதுக்கப்புறம் ஒரு வேடிக்கை. 60 ஆனதும் வலது, இடது ரெண்டு சீட்டும் தடை. ஆனா பழைய விமானங்கள்ல மூணாவதா பிளைட் இன்ஜினியர் சீட் ஒண்ணு இருந்திச்சு, அதுக்கு வயசு எல்லை கிடையாது. நேத்து வரைக்கும் கட்டளை போட்ட கெப்டன், இன்னைக்குப் பின் சீட்டுல உக்கார்ந்து எண்ணெய் அழுத்தம் பார்த்துக்கிட்டு வருவார். மாரடைப்பு வரும்னு பயந்தா அந்த சீட்டுல மட்டும் வராதா?

ஐகாவோ 2006 நவம்பர்ல 60ஐ 65 ஆக்கினது. ஒரு கெப்டன் 60 தாண்டியிருந்தா மத்தவர் 60க்குக் கீழ இருக்கணும்னு ஒரு கொக்கியும் போட்டாங்க. 2007 டிசம்பர்ல அமெரிக்காவும் 65க்கு வந்திச்சு. 2014 நவம்பர்ல ஐகாவோ அந்தக் கொக்கியையும் கழட்டிட்டாங்க. கவனிங்க, ஒவ்வொரு தடவையும் எல்லை நகர்ந்தப்போ மனுச உடம்பு மாறல, ஆள் தேவைதான் மாறிச்சு.

மஸ்கெலியா மாஸ்டர்:
கதை நல்லா இருக்கு. ஆனா நான் மஸ்கெலியாக்காரன், விமானம் விழுறதுன்னா என்னன்னு எங்க ஊருக்குத் தெரியும். 1974 டிசம்பர் 4 ராத்திரி, சுரபாயாவுல இருந்து ஹஜ் போன இந்தோனேசிய யாத்திரிகர்களை ஏத்திக்கிட்டு கொழும்புக்கு இறங்க வந்த மார்ட்டின் ஏர் டி.சி.8, ஏழு கன்னியர் மலையில மோதிச்சு. 191 பேர், ஒருத்தர் மிச்சமில்ல. எங்க அப்பா ஆளுங்க மேல ஏறிப் போனாங்க. நோட்டன் பிரிட்ஜில அந்த விமானத்து டயர் இன்னைக்கும் இருக்கு, போறவங்க பார்க்கலாம். அதனால "ஆள் தேவை, செலவு"ன்னு நீங்க லேசா சொல்ற விசயம் எனக்கு லேசு இல்ல. 65க்கு மேல மாரடைப்பும் பக்கவாதமும் கூடும்கிறது டொக்டர் சொல்லித் தெரிய வேண்டியதில்ல. 1972ல லண்டன் பக்கம் ஸ்டெயின்ஸ்ல விழுந்த, பி.இ.ஏ.ங்கிற பிரிட்டிஷ் கம்பனி விமானக் கெப்டனுக்கு இதய நோய் இருந்திச்சு, 118 பேர் செத்தாங்க.

கொட்டகலை ஏரோ:
மாஸ்டர், ஸ்டெயின்ஸை நீங்களே எடுத்தது நல்லதாப் போச்சு. அந்தக் கெப்டனுக்கு வயசு 51. மெடிக்கல்ல பாஸ். பறக்கிறதுக்குக் கொஞ்ச நேரம் முந்தி வேலைநிறுத்தம் பத்தி ஓய்வறையில ஒருத்தரோட காரசாரமா சண்டை போட்டிருக்கார். பக்கத்துல இருந்த துணை விமானி அனுபவமில்லாத சின்னப் பையன். 51 வயசை எந்த ஓய்வு விதி பிடிச்சிருக்கும்?

ஏழு கன்னியர் மலையும் அப்படித்தான். அங்க யாருக்கும் நெஞ்சு வலிக்கல. தாங்க எங்க இருக்கோம்ங்கிறதைத் தப்பா கணிச்சிட்டாங்க, மலையைத் தாண்டிட்டோம்னு நினைச்சு இறங்கிட்டாங்க. அதுக்கு மூணு நாள் முந்தி, டிசம்பர் 1ம் திகதி, அமெரிக்காவுல டி.டபிள்யூ.ஏ. கம்பனியோட 514ம் இலக்க விமானம் இதே மாதிரி மலையில மோதி 92 பேர் செத்தாங்க. அதோடதான் நிலம் கிட்ட வந்தா கத்தி எச்சரிக்கிற கருவியை அங்க கட்டாயமாக்கினாங்க. இன்னைக்கு எங்க தலைக்கு மேல போற ஒவ்வொரு பெரிய விமானத்துலயும் அது இருக்கு. மலையில மோதுறதைக் குறைச்சது அந்தப் பெட்டி. ஆளோட பிறந்த சான்றிதழ் இல்ல.

இன்னொண்ணு. 2009ல பிரசல்ஸ்ல இருந்து நியூவார்க் போன கொன்டினென்டல் விமானத்துல 60 வயசுக் கெப்டன் நடு அட்லாண்டிக்ல இறந்து போனார். 247 பயணிகள். மத்த விமானிங்க இறக்கினாங்க, தரைக்கு வரும்வரைக்கும் பயணிகளுக்கு விசயமே தெரியாது. 2015ல அமெரிக்காவுலயே 57 வயசுக் கெப்டன் ஒருத்தர், 2024ல சியாட்டில்ல இருந்து இஸ்தான்புல் போன துருக்கி விமானத்துல 59 வயசுக் கெப்டன் ஒருத்தர். மூணு தடவையும் பக்கத்து சீட் காப்பாத்திச்சு. விமான மருத்துவத்துல ஒரு கணக்கு வச்சிருக்காங்க: ஒரு விமானி வருசத்துக்குள்ள திடீர்னு செயலிழக்கிற வாய்ப்பு நூத்துக்கு ஒண்ணைத் தாண்டக்கூடாது. ரெண்டு பேர் இருக்கிற கொக்பிட்டுக்குப் போட்ட கணக்கு அது.

ஹட்டன் குளிர்:
அப்போ காசல்ரீ நீர்த்தேக்கத்துல வந்து இறங்குற தண்ணி விமானம்? அதுல எத்தனை பேர் ஓட்டுறாங்க?

கொட்டகலை ஏரோ:
நல்ல கேள்வி. விமானம் சின்னதா பெரிசாங்கிறது இல்ல விசயம், எத்தனை விமானிங்கிறதுதான். காசு வாங்கிப் பயணி ஏத்துற சர்வதேசப் பறப்பை ஒருத்தர் தனியா ஓட்டினா ஐகாவோ எல்லை 60. ரெண்டு பேர் இருந்தாத்தான் 65. உள்ளூர்ப் பறப்புக்கு அந்தந்த நாடு தன் விதியைப் போட்டுக்கலாம்.

ரைட் சீட்:
இந்த இழையில பேசாம இருக்கணும்னுதான் பார்த்தேன், முடியல. தலவாக்கலை பக்கம். துணை விமானி. எந்தக் கம்பனின்னு கேட்காதீங்க.

மாஸ்டர் சொல்றதும் ஏரோ அண்ணன் சொல்றதும் ரெண்டுமே என் பக்கத்து சீட்டுல நடக்குது. எங்க கெப்டன் ஒருத்தருக்கு 63. ஒக்டோபர் பின்னேரம், கட்டுநாயக்க 22ம் ரன்வேயில இறங்க வாறோம். அந்த மாசத்து இடி மழை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல. ரேடார்ல சிவப்புத் திட்டு ரன்வேக்கு நேரா. எனக்கு முன்ன இறங்கின ரெண்டு விமானம் சிக்கலில்லாம இறங்கிடிச்சு, நாங்களும் போகலாம்னு நான் மனசுல கணக்குப் போட்டுட்டேன். அவர் திரையைக்கூட ரொம்ப நேரம் பார்க்கல, ஜன்னல் வழியா மேகத்தோட அடியைப் பார்த்தார். "ஹோல்டிங் கேளு, சுத்திக்கிட்டு நிப்போம், எரிபொருள் எவ்வளவு இருக்கு சொல்லு. மத்தளை விமான நிலையத்துக்குப் போறதுக்கு மிச்சம் வச்சிட்டு எத்தனை நிமிசம் சுத்தலாம்?" கேட்ட கேள்வி இவ்வளவுதான். சுத்தினோம். எங்களுக்கு அடுத்து வந்தவங்க காத்து திடீர்னு திரும்பினதால இறங்காம மேல ஏத்திட்டாங்க, அதை வானொலியில கேட்டுக்கிட்டே சுத்தினோம். நாங்க போனப்போ மழை தூறல் மட்டும். அந்தக் கண்ணை எந்த சிமுலேட்டர்லயும் வாங்க முடியாது.

அதே மனுசன் விடிய 3 மணிக்கு வேற ஆள். ஒரே அலைவரிசையை ரெண்டு தடவை கேட்பார். கண்ணாடி போடுற விமானி இன்னொரு ஜோடி கையோட வச்சிருக்கணும்னு விதி. இவர் போட்டிருக்கிறதை மேல தூக்கி விட்டுட்டு, பைக்குள்ள அடுத்ததைத் தேடுவார். நான் சிரிக்கிறதில்ல, எனக்கும் 3 மணிக்கு மண்டை வேலை செய்யாது. ஆனா எனக்கு அரை மணியில தெளியும், அவருக்கு ஒரு மணி எடுக்கும்.

லிந்துலை மகள்:
நல்லா எழுதுறீங்க தம்பி. இப்போ நான் கொஞ்சம் கீழ இறக்குறேன், கோவிக்காதீங்க.

65ஆ 67ஆன்னு மொன்றியல்ல உக்கார்ந்து பேசுறது எல்லாம் சரி. எங்க தேயிலைத் தோட்ட மலையில ஓய்வு வயசுன்னா என்ன? 2021ஆம் ஆண்டு 28ஆம் இலக்கச் சட்டம் வந்த பிறகுதான் தனியார் துறையில 60க்கு முந்தி வீட்டுக்கு அனுப்ப முடியாதுன்னு ஆச்சு. அதுக்கு முந்தி 55. ஈ.பி.எப். (ஊழியர் சேமலாப நிதி) காசு எடுக்கிறதுக்கு ஆம்பளைக்கு 55, பொம்பளைக்கு 50. அந்தக் காசு மகள் கலியாணத்துக்கும் கூரைத் தகரத்துக்கும் போயிடும். பிறகு அதே அம்மா அதே மலையில கைக்காசு கொழுந்து எடுக்கப் போவாங்க. செக்ரோல்ல, அதாவது தோட்டத்து வேலைப் பதிவுல, பேர் இல்ல, கிலோ கணக்கு. தராசுல கொழுவினதும் சாக்குக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவுன்னு கழிப்பாங்க. எங்க பாட்டி 70 தாண்டியும் போனாங்க. விரல் நுனி வெடிச்சு கறுப்பா இருக்கும், சோறு பிசையும்போது எரியுதுன்னு கரண்டி கேட்பாங்க. அட்டைக் காட்டுல வழுக்கி விழுந்தா யாருக்கும் கவலை இல்ல, ஏன்னா விழுறது அவங்க மட்டும்தான்.

வயசுங்கிறதே எங்களுக்குக் கடதாசியில உள்ளது. பாட்டிக்குப் பிறப்புப் பதிவு இல்ல, உத்தேச வயதுச் சான்றிதழ். அவங்க அக்காவுக்கும் அப்படித்தான். அடையாள அட்டைப்படி தங்கச்சி மூத்தவங்க. பிறந்தநாளுக்கு ஒரு நாள் முந்தி, பிந்தின்னு வழக்குப் பேசுறதே ஒரு வசதி.

மஸ்கெலியா மாஸ்டர்:
மகளே, அது வேற விசயம். விமானத்துல முன்னூறு உயிர்.

லிந்துலை மகள்:
வேற விசயம்னு எனக்கும் தெரியும் சேர். நான் கேட்கிறது, முன்னூறு உயிர்னா ஆறு மாசத்துக்கு ஒரு தடவை டொக்டர், சிமுலேட்டர், ஐகாவோ. ஒரு உயிர்னா ஒண்ணுமில்ல. ஓய்வு வயசுன்னு பேச்சு எடுத்தா ரெண்டையும் பேசணும்.

நிர்வாகி:
பேச்சு நல்லா போகுது, தலைப்பை விட்டு ரொம்பத் தூரம் போகாம பார்த்துக்கங்க. தோட்ட ஓய்வூதியத்துக்குத் தனி இழை இருக்கு.

பதுளை லைன்:
தலைப்புக்குள்ளேயே ஒண்ணு. அரசாங்க வேலைக்கு ஓய்வு வயசை 65 ஆக்கி, பிறகு 2022 டிசம்பர் 31ஓட 60ன்னு மாத்தினாங்க இல்லையா? ரயில்வேயில கூட்டமா ஆள் போச்சு. 2023 ஜனவரியில ஆளில்லாம ரயில் ரத்தாச்சு. அனுபவமான ஓட்டுனர் ஒரே நாள்ல போனா நாணுஓயா, பட்டிப்பொல வளைவெல்லாம் யார் பழக்குறது? விமானத்துல இந்தக் குழப்பம் வராததுக்கு, விதி ஒரே எண்ணா உலகத்துக்கே இருக்கிறதும் ஒரு காரணம்னு நினைக்கிறேன்.

கொட்டகலை ஏரோ:
ஒரே எண்ணுன்னு முழுசா சொல்ல முடியாது. ஜப்பான் 2015ல தன் விமானிகளுக்கு 67 வரைக்கும் அனுமதிச்சிச்சு. அவுஸ்திரேலியாவுலயும் கனடாவுலயும் உள்ளூர்ப் பறப்புக்குச் சட்டத்துல உச்ச வயசே கிடையாது. அங்கேயும் சிக்கல் வந்திச்சு. குவாண்டாஸ் கெப்டன் ஒருத்தர் 60 ஆனதும் நிறுத்துனாங்கன்னு வழக்குப் போட்டார். 1998ல அவுஸ்திரேலிய உயர் நீதிமன்றம் கம்பனிக்குச் சார்பா தீர்ப்பு குடுத்திச்சு. காரணம் அவர் உடம்பு இல்ல. அவர் ஓட்டுற பெரிய விமானம் போற நாடுகள்ல பலது அப்போ 60 தாண்டினவரை உள்ள விடாது, அப்போ அவருக்கு எந்த ரூட் குடுக்கிறது? ஐரோப்பாவுல நேர் எதிர். லுப்தான்சா கூட்டு ஒப்பந்தத்துல 60ன்னு இருந்ததை, சர்வதேச எல்லை 65ஆ இருக்கும்போது 60ல நிறுத்துறது வயசுப் பாகுபாடுன்னு 2011ல ஐரோப்பிய நீதிமன்றம் சொல்லிடிச்சு.

இதுல எனக்கு எரிச்சல் ஒண்ணே ஒண்ணு. அமெரிக்காவுல ஒரு கோடீஸ்வரர் தன் சொந்த ஜெட்டை 70 வயசு விமானிகிட்ட குடுக்கலாம், வான்வெளி அதே வான்வெளி. மேல இருக்கிற மேகத்துக்கு அவர் டிக்கெட் வாங்காதது தெரியுமா?

ஹட்டன் குளிர்:
அப்போ வயசைப் பார்க்காம ஆளைப் பரீட்சிச்சா போதாதா? பாஸானா ஓட்டு, பெயிலானா இறங்கு.

கொட்டகலை ஏரோ:
கேட்க சுலபம். 60 தாண்டினவங்களுக்கு மெடிக்கல் ஏற்கனவே ஆறு மாசத்துக்கு ஒரு தடவை. ஈ.சி.ஜி. 50ல இருந்தே வருசா வருசம். இதயம் ஓரளவு பிடிபடும். மூளை பிடிபடாது. மெதுவா மங்குற ஞாபகத்தை அரை மணி நேர டொக்டர் அறையில கண்டுபிடிக்கிறது கஷ்டம். 2007ல ஸ்டான்போர்ட்காரங்க 40 முதல் 69 வயசு வரைக்கும் 118 விமானிகளை சிமுலேட்டர்ல மூணு வருசம் பின்தொடர்ந்து பார்த்தாங்க. ஆரம்பத்துல வயசானவங்க கொஞ்சம் பின்னால. ஆனா வருசம் போகப் போக, இளையவங்களை விட அவங்க இறங்கினது குறைவு, மத்த விமானங்களைத் தவிர்க்கிறதுல குறிப்பா. ரைட் சீட் தம்பி சொன்ன "ஜன்னல் வழியா மேகம்" கதைதான் அது.

நியூயோர்க் ஹட்சன் ஆத்துல 2009 ஜனவரியில பயணிகள் விமானத்தை இறக்கின கெப்டன் சல்லன்பெர்கருக்கு 58 ஆக இன்னும் சில நாள்தான் இருந்திச்சு. 155 பேரும் பிழைச்சாங்க. 1989ல கட்டுப்பாடே இல்லாத டி.சி.10 விமானத்தை அமெரிக்காவுல சூ சிட்டிக்குக் கொண்டு வந்த கெப்டன் ஏல் ஹெய்ன்ஸுக்கு 57. இருந்த 296 பேர்ல 184 பேரு உயிரோட வந்தாங்க. ரெண்டு வருசத்துல அவரையும் 60ன்னு வீட்டுக்கு அனுப்பிட்டாங்க.

ரைட் சீட்:
பரீட்சை பத்தி ஒரு விசயம் யாரும் சொல்லல. மெடிக்கல் போனா சம்பளம் போகும். அதனால உடம்புல என்ன நடந்தாலும் விமானி டொக்டர்கிட்ட வாயைத் திறக்க மாட்டான். தூக்கம் வரலைன்னு சொல்ல மாட்டான், மனசு சரியில்லைன்னு சொல்லவே மாட்டான். இதை வயசானவங்க மட்டும் செய்யிறதில்ல, எங்க வயசுலயும் அதேதான். 65க்கு மேல பரீட்சை வச்சு ஒவ்வொருத்தரையா நிறுத்தினா, மறைக்கிறது இன்னும் கூடும். 65ன்னு எண் இருந்தா யாருக்கும் அவமானம் இல்லாம இறங்கலாம், கேக் வெட்டலாம், தண்ணி பீச்சி வரவேற்கலாம். எண்ணோட பெறுமதி எனக்கு அங்கதான் தெரியுது.

லிந்துலை மகள்:
இது நல்ல பதில். இதை எங்க ஆளுங்களுக்கும் சொல்வேன். 60ன்னு எண் இருந்ததாலதான் "உனக்கு முடியல, போ"ன்னு ஒருத்தரும் முகத்துக்கு நேரா சொல்ல முடியாம போச்சு. அதுக்கு மேல பணிக்கொடை, 1983 சட்டப்படி அஞ்சு வருசமாவது வேலை செஞ்ச நாட்சம்பளக்காரருக்கு வருசத்துக்கு 14 நாள் சம்பளம். அது கைக்கு வரும்வரைக்கும் வேலையை விட்டு இறங்குறதா வேணாமான்னு பேசுறவங்களைக் குறை சொல்ல முடியாது. விமானிக்கு என்ன சேமிப்பு இருக்குன்னு தெரியாது, ஆனா 2007ல அமெரிக்க விமானிங்க 65 கேட்டதுக்கு கம்பனிங்க திவாலாகி பென்ஷன் போனதும் காரணம்னு எங்கேயோ படிச்சேன்.

கொட்டகலை ஏரோ:
சரி அக்கா. பென்ஷன் போனதும் அமெரிக்க விமானிகள் சங்கத்துக்குள்ளேயே கட்சி பிரிஞ்சிச்சு. 60லயே நில்லுன்னு பல வருசம் பிடிச்ச சங்கம் 2007ல மாறிச்சு. 2024ல அமெரிக்க காங்கிரஸ் 67 பத்திப் பேசினப்போ அதே சங்கம் வேணாம்னு நின்னுச்சு. பிரதிநிதிகள் சபை 2023ல ஏத்துக்கிட்டது, செனட் வழி விடல. 2024 மே மாசம் கையெழுத்தான சட்டத்துல 65தான்.

மஸ்கெலியா மாஸ்டர்:
ஆக, சங்கம், கம்பனி, காசு. சரி, நான் தோத்துட்டேன்னு சொல்ல மாட்டேன், ஆனா இனி 65ஐப் பாதுகாப்பு விதின்னு மட்டும் சொல்ல மாட்டேன். ரைட் சீட் தம்பி, நீங்க மொன்றியல்ல உக்கார்ந்திருந்தா எந்தப் பக்கம் கை தூக்குவீங்க?

ரைட் சீட்:
65 பக்கம் மாஸ்டர். யோசிக்காம தூக்குவேன்.

பாதுகாப்புக்காகன்னு சொன்னா பொய். எங்க வேலையில எல்லாம் சேர்ந்த திகதிப்படி. மேல ஒருத்தர் இறங்கினாத்தான் கீழ ஒருத்தர் இடது சீட்டுக்குப் போவார். 67ன்னு ஆக்கினா எனக்கு மேல உள்ள எல்லாரும் ரெண்டு வருசம் கூட இருப்பாங்க, கெப்டன் சம்பளம் எனக்கு ரெண்டு வருசம் தள்ளிப் போகும். இந்த லைசன்சுக்கு அப்பா வீட்டுக் காணியை வங்கியில வச்சிருக்கார், மாசா மாசம் வட்டி போய்க்கிட்டிருக்கு. 2022க்குப் பிறகு நிறையப் பேர் வளைகுடாவுக்குப் போனதால இங்க கொஞ்சம் இடம் திறந்திருக்கு, அதை 67 வந்து மூடிடும்னு பயம்.

அந்த 63 வயசுக் கெப்டன்கிட்டயே இதைச் சொன்னேன். "நானும் உன் வயசுல அப்படித்தான் நினைச்சேன், எனக்கு 60 ஆகப் போகும்போதுதான் மாத்திக்கிட்டேன்"ன்னார். அடுத்த பொதுச்சபை 2028ல. அப்போ அவர் இறங்கியிருப்பார், என் கடன் முடிஞ்சிருக்காது.